அம்மம்மாவின் கொடியில் இருந்த பவுண்: பழைய பிரித்தானியக் காசுகளை வாசிப்பது எப்படி?

"இண்டைக்குப் பவுண் என்ன விலை?"

எங்கள் ஊர்களில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு இல்லை. கலியாணம் பேசும்போதும் கேட்போம், நகையை அடகு வைக்கப் போகும்போதும் கேட்போம். எட்டுக் கிராம் தங்கத்துக்குப் பவுண் என்று பெயர் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால், ஏன் எட்டுக் கிராம்? பத்துக் கிராமாக, ஐந்து கிராமாக இருந்திருந்தால் கணக்குப் பார்க்க எவ்வளவு சுகம்? இந்தக் கேள்வியை நான் முப்பது வயது வரை கேட்டதே இல்லை. அதற்கான விடை எங்கள் வீட்டிலேயே, அம்மாவின் அலுமாரியில் ஒரு பஞ்சுத் துண்டுக்குள் சுற்றிக் கிடந்தது.

பவுண் என்பது முதலில் ஒரு நிறை அல்ல. அது ஒரு காசு. பிரித்தானியா 1817 ஆம் ஆண்டு முதல் அச்சிட்ட, 'சொவரின்' என்று அழைக்கப்பட்ட ஒரு பவுண்ட் பெறுமதியான தங்க நாணயம். அதன் நிறை 7.98 கிராம். நாங்கள் அதை எட்டாக்கிக்கொண்டோம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம், மிகுதி வேறு உலோகம். அதாவது 22 கரட். எங்கள் நகைக்கடைகளில் 22 கரட்டும் எட்டுக் கிராமும் ஒன்றாகவே பேசப்படுவதற்குப் பின்னால் இந்தக் காசு இருக்கிறது. பிரித்தானியர் இந்த நாட்டை விட்டுப் போய் எழுபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அவர்களுடைய காசை நாங்கள் இன்னமும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு பை பென்னிகள்

நான் பழைய பிரித்தானியக் காசுகளைச் சேர்க்கத் தொடங்கியது தங்கத்தில் அல்ல, வெண்கலத்தில். லண்டனில் இருந்து வந்த சித்தப்பா, அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியதாகச் சொல்லி ஒரு சிறு பையைத் தந்தார். உள்ளே கறுத்துப்போன பெரிய காசுகள். எதற்கும் பெறுமதி இல்லை, விளையாட்டாக வைத்திரு என்றார். அவர் சொன்னது பெருமளவுக்கு உண்மைதான். தேய்ந்துபோன ஒரு பழைய பென்னியை அங்கே ஒரு தேநீரின் விலையை விடக் குறைவாக வாங்கலாம்.

அந்தக் காசுகள் எந்தக் கணக்கில் வருகின்றன என்று விளங்கிக்கொள்ளவே எனக்கு ஒரு நாள் பிடித்தது. 1971 பெப்ரவரி 15 வரை பிரித்தானியாவின் பணக் கணக்கு வேறு. நான்கு பார்திங் ஒரு பென்னி. பன்னிரண்டு பென்ஸ் ஒரு சிலிங். இருபது சிலிங் ஒரு பவுண்ட். ஆக, ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். இடையில் மூன்று பென்ஸ், ஆறு பென்ஸ், இரண்டு சிலிங் பெறுமதியான புளோரின், இரண்டரைச் சிலிங் பெறுமதியான அரைக் கிரவுண், ஐந்து சிலிங் பெறுமதியான கிரவுண் என்று தனித்தனிக் காசுகள். 1971 இல் பவுண்டை நூறாகப் பிரித்தபோது, இந்தக் கணக்கு முழுவதும் ஒரே நாளில் பழசாகிப்போனது. அதனால்தான் அவ்வளவு காசுகள் இன்று சந்தையில் குவியலாகக் கிடைக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இலங்கை 1872 இலேயே நூறு சதம் ஒரு ரூபா என்ற கணக்குக்கு மாறிவிட்டது. நூறாக எண்ணும் வழிக்கு ஆண்டவர்களை விட ஆளப்பட்டவர்கள் 99 வருடங்கள் முந்திப் போனார்கள்.

காசில் என்னென்ன எழுதியிருக்கிறது?

ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும். பழைய பிரித்தானியக் காசு ஒன்றில் நான்கு விடயங்களை வாசிக்கலாம்.

முதலாவது, தலை. ஒவ்வொரு காசிலும் அந்தக் காலத்து அரசர் அல்லது அரசியின் தலை இருக்கும். ஒருவர் இடப்பக்கம் பார்த்தால் அடுத்தவர் வலப்பக்கம் பார்ப்பது வழக்கம். விக்டோரியா இடம், ஏழாம் எட்வேர்ட் வலம், ஐந்தாம் ஜோர்ஜ் இடம். அடுத்து வந்த எட்டாம் எட்வேர்ட் வலம் பார்த்திருக்க வேண்டும். தானும் இடப்பக்கமே பார்ப்பேன் என்று அவர் நின்றார். ஆனால் அவருடைய காசுகள் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, 1936 டிசம்பரில் முடி துறந்துவிட்டார். மாதிரிக்காக அச்சிட்ட சில காசுகள் மட்டுமே எஞ்சின. அவற்றில் ஒரு தங்கச் சொவரின் 2020 இல் பத்து இலட்சம் பவுண்டுக்கு விலைபோனது. அவருக்குப் பின் வந்த ஆறாம் ஜோர்ஜ், எட்வேர்ட் வலம் பார்த்ததாகவே பாவித்து, மறுபடி இடப்பக்கம் பார்த்தார்.

இரண்டாவது, தலையைச் சுற்றியுள்ள இலத்தீன் எழுத்துகள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1893 முதல் அந்த எழுத்துகளின் முடிவில் ஐ-என்-டி, ஐ-எம்-பி என்ற ஆறு எழுத்துகள் வரும். 'இந்தியாவின் பேரரசர்' என்பதன் சுருக்கம். 1948 ஆம் ஆண்டுக் காசு வரை அவை இருக்கின்றன. 1949 ஆம் ஆண்டுக் காசில் இல்லை. 1902 இல் ஏழாம் எட்வேர்ட் 'எல்லாப் பிரித்தானியாக்களுக்கும் அரசர்' என்று கடல் கடந்த நாடுகளையும் சேர்த்துக்கொண்டார். 1953 ஆம் ஆண்டு எலிசபெத்தின் காசில் அது இருக்கிறது, 1954 இல் அதுவும் போய்விட்டது. ஒரு பேரரசு எப்படிச் சுருங்கியது என்று படிக்கப் பெரிய புத்தகம் தேவையில்லை. 1948 ஆம் ஆண்டுப் பென்னி ஒன்றையும் 1949 ஆம் ஆண்டுப் பென்னி ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

மூன்றாவது, ஆண்டு. எல்லா ஆண்டும் ஒன்றல்ல. 1967 என்று போட்ட பென்னிகள் ஏராளம். அந்த ஆண்டைப் போட்டே 1970 வரை அச்சிட்டார்கள். 1933 ஆம் ஆண்டிலோ ஏற்கெனவே தேவைக்கு மேல் பென்னிகள் இருந்ததால் புதிதாக அச்சிடவில்லை. கட்டடங்களின் அத்திவாரக் கல்லின் கீழ் வைப்பதற்கும் அருங்காட்சியகங்களுக்குமாகப் பத்துக்கும் குறைவான காசுகளே அடிக்கப்பட்டன. அதனால் 1933 ஆம் ஆண்டுப் பென்னி இன்று பெரும் விலை. உங்கள் வீட்டில் அது கிடைக்காது. கிடைத்தால் வேறோர் ஆண்டுக் காசில் யாரோ கைவைத்து மாற்றியது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நான்காவது, சிறு எழுத்து. காசு எங்கே அடிக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. லண்டன் நாணயச்சாலையால் சமாளிக்க முடியாத காலங்களில் பேர்மிங்ஹாமில் இருந்த தனியார் ஆலைகளிடம் வேலையைக் கொடுத்தார்கள். அப்படி அடிக்கப்பட்ட 1912, 1918, 1919 ஆம் ஆண்டுப் பென்னிகளில், ஆண்டுக்கு இடப்பக்கத்தில் எச் அல்லது கே-என் என்ற மிகச் சிறிய எழுத்துகள் இருக்கும். சித்தப்பா தந்த பையில் 1912 ஆம் ஆண்டுப் பென்னி ஒன்றில் அந்த எச் இருந்தது. அதைக் கண்டுபிடித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. விலைக்காக அல்ல. நூறு வருடத்துக்கு மேலாக எத்தனையோ கைகள் தொட்டுப் போன காசில், அவ்வளவு பேரும் பார்க்காமல் விட்ட ஒன்றை நான் பார்த்துவிட்டேன் என்ற சந்தோசம்.

போர்களின் கணக்குப் புத்தகம்

ஒரு நாள் இந்தக் காசுகளை ஆண்டு வரிசையில் மேசையில் அடுக்கினேன். அப்போதுதான் ஒன்று விளங்கியது. காசு மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு போர் இருக்கிறது.

1797. பிரான்சுடனான போரில் மக்கள் அச்சம் கொண்டு தங்கத்தைப் பதுக்கினார்கள். இங்கிலாந்து வங்கி காகித நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தியது. சில்லறைக்குத் தட்டுப்பாடு. ஸ்பெயின் நாட்டு வெள்ளி டொலர்களின் மீது மூன்றாம் ஜோர்ஜின் சிறு தலையைக் குத்திப் புழக்கத்தில் விட்டார்கள். அதே ஆண்டில், பேர்மிங்ஹாமில் மத்தியூ போல்டன் நீராவி இயந்திரங்களால் செம்புப் பென்னிகளை அடித்துக் கொடுத்தார். ஒரு பென்னி ஒரு அவுன்ஸ், ஏறக்குறைய 28 கிராம். இரண்டு பென்ஸ் காசு இரண்டு அவுன்ஸ். விளிம்பு தடித்து வண்டிச் சில்லுப் போல இருந்ததால் 'வண்டிச்சில்லுப் பென்னி' என்று சேகரிப்பாளர்கள் அழைக்கிறார்கள்.

1914 ஓகஸ்ட். முதலாம் உலகப் போர் தொடங்கியதும் ஒரு பவுண்ட், பத்துச் சிலிங் காகித நோட்டுகள் வெளிவந்தன. மக்களின் கையில் இருந்த தங்கச் சொவரின்கள் அரசிடம் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பின் சாதாரண மனிதர் கடைக்குத் தங்கக் காசோடு போன காலம் திரும்பி வரவில்லை.

1920. போரின்போதும் அதன் பின்னும் வெள்ளியின் விலை ஏறி, சிலிங்கில் இருந்த வெள்ளி சிலிங்கின் பெறுமதியை விட அதிகமாகிவிட்டது. அதுவரை 92.5 வீதம் வெள்ளியாக இருந்த காசுகள் அந்த ஆண்டில் 50 வீதமாக்கப்பட்டன. அரசர் அதே அரசர், அளவும் அதே அளவு. வெள்ளி மட்டும் பாதி. 1919 ஆம் ஆண்டுச் சிலிங்கையும் சில வருடங்கள் பிந்திய சிலிங்கையும் பக்கத்தில் வைத்தால், பிந்தியது தேய்ந்த இடங்களில் மங்கி மஞ்சளித்திருப்பது தெரியும்.

இரண்டாம் உலகப் போர். 1941, 1942, 1943 ஆம் ஆண்டுகளைத் தாங்கிய பிரித்தானியப் பென்னி கிடையாது. 1942 இல் மலாயா ஜப்பானிடம் வீழ்ந்த பின் வெள்ளீயம் கிடைப்பது அரிதானது. வெண்கலக் காசுகளில் இருந்த வெள்ளீயத்தைக் குறைத்தார்கள். 1944 இல் மறுபடி பென்னி அடித்தபோது, பளபளக்கும் புதுக்காசை மக்கள் பதுக்கிவிடாமல் இருக்க நாணயச்சாலையே அவற்றைக் கறுப்பாக்கி அனுப்பியது.

1947. போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு முதல் புழக்கத்துக்கான காசில் வெள்ளி அறவே இல்லை. செம்பு 75 வீதம், நிக்கல் 25 வீதம். போரில் வென்ற நாடு, தன் மக்களின் சட்டைப்பையில் இருந்த வெள்ளியைத் திரும்ப எடுத்துக் கடனைக் கட்டியது.

போரை நாங்கள் செத்தவர்களின் எண்ணிக்கையிலும் இடிந்த வீடுகளிலும் கணக்கிடப் பழகியவர்கள். அது சரியான கணக்குத்தான். ஆனால் வெல்பவர் தோற்பவர் என்று பாராமல், சாதாரண சனத்தின் கையில் இருக்கிற காசைப் போர் எப்படி அரித்துக்கொண்டு போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரித்தானியாவின் காசுகளில் அதை ஆண்டு போட்டு எழுதியே வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக் காசுகள்

இலங்கைக்கென்றே அடிக்கப்பட்ட பிரித்தானியக் காசுகளும் இருக்கின்றன. 1821 இல் யானை உருவம் பொறித்த வெள்ளி றிக்ஸ் டொலர் வந்தது. 1825 முதல் பிரித்தானியக் காசுகளே இங்கு அதிகாரபூர்வமாகப் புழக்கத்துக்கு வந்தன. ஒரு றிக்ஸ் டொலர் ஒன்றரைச் சிலிங் என்று கணக்கிடப்பட்டது. ஆனால் இங்குள்ள சனத்தின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு பார்திங்கே பெரிய காசு. ஆகவே 1828 இல் அரைப் பார்திங் அடித்து அனுப்பினார்கள். 1839 இல் அதையும் பாதியாக்கிக் கால் பார்திங் அடித்தார்கள். பென்னியில் பதினாறில் ஒரு பங்கு. ஒரு பவுண்டுக்கு 3840 கால் பார்திங். ஒன்றரைச் சென்ரிமீற்றர்கூடக் குறுக்களவு இல்லாத செம்புக் காசு. பிரித்தானிய அரசரின் தலை பொறித்த காசுகளில் இதைவிடச் சிறிய பெறுமதி வேறில்லை. அது இங்கிலாந்துக்காக அடிக்கப்படவில்லை, எங்களுக்காக அடிக்கப்பட்டது. எங்கள் கூலியும் எங்கள் சந்தை விலையும் அந்த அளவில் இருந்தன என்பதற்கு அந்தச் சின்னக் காசே சாட்சி.

1870 ஆம் ஆண்டு போட்ட சதக் காசுகளில் ஒரு பக்கம் விக்டோரியா, மறுபக்கம் பனை இனத்து மரம் ஒன்று. பெறுமதி ஆங்கிலத்தோடு சிங்களத்திலும் தமிழிலும் இருக்கும். உலகப் போர்கள் இந்தக் காசுகளையும் விடவில்லை. 1919 இல் இலங்கை வெள்ளிக் காசுகளின் வெள்ளி 80 வீதத்தில் இருந்து 55 வீதமாகக் குறைந்தது. 50 சதக் காசு 1942 வரை வெள்ளி. 1943 இல் அது நிக்கல் கலந்த பித்தளையாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய சதக் காசுகள் கிடந்தால் இந்த ஆண்டுகளைத் தேடிப் பாருங்கள். இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்கள், எச்.டபிள்யூ. கொட்றிங்டன் 1924 இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய ஆங்கில நூலைத் தேடலாம். கொழும்பில் மத்திய வங்கியின் நாணய அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம்.

அம்மம்மாவின் இரண்டு காசுகள்

இனி அந்தப் பஞ்சுத் துண்டுக்கு வருகிறேன்.

அம்மம்மாவின் தாலிக்கொடியில் தாலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பவுண் காசுகள் கோர்த்திருந்தன. எங்கள் பக்கத்துப் பழைய கொடிகள் பலவற்றில் அப்படி இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அந்தக் கொடி அம்மம்மாவின் கழுத்தில் இருந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. மழை, இருட்டு, நாவற்குழிப் பக்கம் நகராத சனம், இவ்வளவுதான் எனக்கு ஞாபகம். தென்மராட்சியில் கொஞ்ச நாள், பிறகு வன்னி. கிளிநொச்சியில் கொட்டில் போடத் தடியும் கிடுகும் வாங்க ஒரு காசைக் கழற்றி விற்றார்கள். பிறகு கொடியும் போனது. மற்றக் காசை மட்டும் அம்மம்மா விடவில்லை. அவர் காலமான பின் அது அம்மாவிடம் வந்தது. 2009 இல் அம்மா அதைப் பாவாடையின் நாடா போகிற மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தார். முகாமில் இருந்த மாதங்கள் முழுவதும் அது அங்கேயே இருந்தது. எனக்கே தெரியாது.

2022 இல் விலைவாசி ஏறி வீட்டில் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் அம்மா அதை வெளியே எடுத்தார். "இதை அடகு வைப்பம், பிள்ளை. பவுண் இப்ப நல்ல விலையாம்" என்றார். அதற்குள் நான் பென்னிகளை வாசிக்கப் பழகியிருந்தேன். பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

ஒரு பக்கம் இடம் பார்க்கும் ஐந்தாம் ஜோர்ஜ். மறுபக்கம் குதிரையில் ஏறி நின்று பறவைநாகத்தை வெட்டும் புனித ஜோர்ஜ். பிஸ்ற்றூச்சி என்ற இத்தாலியச் சிற்பி 1817 இல் வரைந்த அதே உருவம் இன்றும் சொவரினில் வருகிறது. கீழே ஆண்டு 1913. ஆண்டுக்குச் சற்று மேலே, குதிரை நிற்கும் நிலத்தில், ஊசி முனையளவில் ஒரு ஆங்கில எழுத்து: பி.

சொவரின்கள் லண்டனில் மட்டும் அடிக்கப்படவில்லை. அந்தச் சிறு எழுத்து எஸ் என்றால் சிட்னி, எம் என்றால் மெல்பேர்ண், பி என்றால் பேர்த், சி என்றால் கனடாவின் ஒட்டாவா, எஸ்-ஏ என்றால் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா. ஐ என்றால் பம்பாய், அதுவும் 1918 என்ற ஒரே ஆண்டுக்கு மட்டும். எழுத்தே இல்லாவிட்டால் லண்டன். பேர்த் நாணயச்சாலை 1899 இல் திறக்கப்பட்டது, மேற்கு அவுஸ்திரேலியாவின் தங்க வயல்களில் எடுத்த தங்கத்தைக் காசாக்குவதற்காக. அப்படியானால் அம்மம்மாவின் கழுத்தில் கிடந்தது அவுஸ்திரேலியப் பாலைநிலத்துச் சுரங்கத் தங்கம். அதே அவுஸ்திரேலியாவுக்கு எங்கள் ஊர்ப் பொடியன்கள் பிறகு படகேறினார்கள்.

நான் ஆவலோடு விலை தேடினேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: 1913 பேர்த் சொவரின் சாதாரணமாகக் கிடைக்கும் காசு. அதிலும் எங்களுடையதில் கோர்ப்பதற்காகப் பத்தர் ஒரு சிறு வளையத்தை ஒட்டியிருக்கிறார். நகையாக்கிய காசுக்குச் சேகரிப்பாளர்கள் அதிக விலை தரமாட்டார்கள். அதற்குத் தங்கத்தின் விலைதான். எங்கள் வீடுகளில் உள்ள பவுண் காசுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். ஆனாலும் உருக்கக் கொடுக்க முன் ஆண்டையும் எழுத்தையும் பாருங்கள். உதாரணமாக, எழுத்தில்லாத 1917 ஆம் ஆண்டு லண்டன் சொவரின் அரிதானது. அதனால் அதற்குப் போலிகளும் அதிகம்.

அம்மா காசை அடகு வைத்தார். நான் கூடப் போனேன். நிறுத்துப் பார்த்துச் சீட்டில் எழுதினார்கள்: 'காசு 1, 8.2 கிராம்.' வளையத்தோடு சேர்த்த நிறை. அரசர் இல்லை, ஆண்டு இல்லை, பேர்த் இல்லை. வங்கிக்கு அது தேவையும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு மற்றக் காசின் ஞாபகம் வந்தது. கிளிநொச்சியில் விற்ற காசு.

"அதில எந்த ராசா இருந்தவர், அம்மா?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "ராசாவோ ராணியோ... ஆர் பார்த்தது? அரிசி வாங்கக் காசு வந்ததே பெரிய விசயம்."

சேர்க்க விரும்புகிறவர்களுக்கு

எல்லாவற்றையும் இழந்த சனத்துக்கு நாணயம் சேர்க்கிற பொழுதுபோக்கு ஒரு கேடா என்று ஒரு நண்பர் கேட்டார். ஞாயமான கேள்வி. இதற்குப் பெரிய காசு தேவையில்லை என்பது என் முதல் பதில். வெளிநாட்டில் உள்ள உறவினர்களிடம், பழைய பென்னி பத்து வாங்கி வரச் சொல்லுங்கள். ஒரு அரசரை மட்டும் எடுத்து, அவர் காலத்து ஒவ்வோர் ஆண்டுப் பென்னியையும் தேடுங்கள். அல்லது 1937 முதல் 1956 வரையான பார்திங்குகளைச் சேருங்கள். பின்பக்கத்தில் ஒரு சின்னக் குருவி இருக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

சில விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

காசைக் கழுவ வேண்டாம். புளி, தேசிக்காய், சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். பித்தளை விளக்கு மினுக்குவது போல மினுக்கினால், உலோகத்தின் மேற்பரப்பே போய்விடும். மினுக்கிய காசு சேகரிப்பாளருக்குப் பாதி விலைகூடப் பெறாது. தொடும்போது விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

மலிவான மெல்லிய பிளாஸ்ரிக் உறைகளில் நீண்ட காலம் வைக்க வேண்டாம். சிலவகைப் பிளாஸ்ரிக் காசில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். சிறு காகித உறைகள் போதும். கடற்காற்று உப்புள்ள எங்கள் ஊர்களில் ஈரத்தைக் கவனிக்க வேண்டும். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற ஈரம் உறிஞ்சும் சிறு பைகளை எறியாமல் காசுப் பெட்டிக்குள் போடுங்கள்.

போலியா என்று பார்க்க முதலில் நிறை, பிறகு காந்தம். சொவரின் 7.98 கிராம், குறுக்களவு 22 மில்லிமீற்றர். 1860 இற்குப் பிந்திய வெண்கலப் பென்னி 9.4 கிராம். சிலிங் 5.66, புளோரின் 11.31, அரைக் கிரவுண் 14.14 கிராம். தேய்ந்த காசு சற்றுக் குறையும், ஆனால் கூடாது. இவற்றில் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் வாங்க வேண்டாம்.

சட்டத்தையும் தெரிந்திருங்கள். 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவை என்று கருதக்கூடிய பொருட்களை எங்கள் நாட்டுச் சட்டம் தொல்பொருளாகப் பார்க்கிறது. கிணறு வெட்டும்போதும் அத்திவாரம் தோண்டும்போதும் கிடைக்கும் பழங்காசுகளை இரகசியமாக வாங்கி விற்பதும், அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றமாகலாம். நான் இங்கே சொன்ன காசுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிற்பட்டவை.

கடைசியாக ஒன்று. நண்பருக்கு நான் சொன்ன இரண்டாவது பதிலும் இதுதான். உங்கள் வீட்டில் ஒரு பழைய காசு இருந்தால், அது தங்கமோ செம்போ, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்தத் தலை, எந்த ஆண்டு, என்ன எழுத்து, எவ்வளவு நிறை. இரண்டு பக்கமும் படம் எடுங்கள். அது யாரிடம் இருந்து வந்தது, எந்த இடப்பெயர்வில் எங்கே ஒளித்து வைத்தீர்கள், எதற்காக மற்றதை விற்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். அம்மாக்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். விற்க வேண்டி வந்தால் விற்கலாம், அதில் வெட்கம் இல்லை. தங்கம் அதற்குத்தான் கழுத்தில் கிடந்தது. எழுதியது மிஞ்சும்.

அடுத்த வருடம் நாங்கள் அடகை மீட்டோம். காசு மறுபடி அதே பஞ்சுத் துண்டுக்குள் போய்விட்டது. என் கொப்பியின் முதல் பக்கத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்றில், 'ஐந்தாம் ஜோர்ஜ், 1913, பேர்த், வளையத்துடன் 8.2 கிராம், அம்மம்மாவின் கொடி.' அடுத்த வரியில், 'மற்றது: கிளிநொச்சி, 1996, கொட்டிலுக்கும் அரிசிக்கும் விற்றது.' அரசருக்கும் ஆண்டுக்கும் விட்ட இடம் வெறுமையாகவே இருக்கிறது.